நான்கிலும் பி2, ஆனாலும் போதவில்லை: கனடாவுக்கான பிரெஞ்சுத் தேர்வு எதை அளக்கிறது?

என்னிடம் பிரெஞ்சு படித்த ஒருவர் ஒரு நாள் சாயங்காலம் போன் செய்தார். "டீச்சர், ரிசல்ட் வந்துடுச்சு! நாலுலயும் பி2!" குரலில் அவ்வளவு சந்தோஷம். மார்க்கை வாசிக்கச் சொன்னேன். கேட்டல் 447, படித்தல் 470, எழுதுதல் 11, பேசுதல் 10.

அவர் சொன்னது சரிதான், நான்குமே பி2, அதாவது ஐரோப்பிய மொழி அளவின் ஆறு படிகளில் நான்காவது. ஆனால் கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு, அதாவது பிஆருக்கு, விண்ணப்பிக்கிறவரிடம் அந்த நாட்டு அரசு பி2 கேட்பதில்லை. அதற்கென்று தனியாக ஓர் அளவு வைத்திருக்கிறது. அந்த அளவில் அவருடைய கேட்டல் திறன் ஒரு படி கீழே நின்றுவிட்டது. 11 மார்க் குறைவு. இதை அவருக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

அவர் மேல் தப்பே இல்லை. இரண்டு வருஷமாக அவர் காதில் விழுந்ததெல்லாம் 'பி2 முடிச்சா போதும்' என்ற ஒரே வாக்கியம்தான். கோச்சிங் விளம்பரத்தில் அதுதான், வாட்ஸ்அப் குரூப்பிலும் அதுதான், கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் சொன்னதும் அதுதான். அந்த வாக்கியம் பாதி உண்மை, மீதிப் பாதியில்தான் ஆட்கள் விழுகிறார்கள். அந்த மீதியை இங்கே அடியிலிருந்து விளக்கப் பார்க்கிறேன். பிரெஞ்சில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவருக்கும் இது புரியும்.

அளவுகோல் வேறு, வாசற்படி வேறு

முதல் குழப்பம் 'பாஸ்' என்ற சொல்லில் இருக்கிறது. டெஃப், டிசிஎஃப் இரண்டும் பிரெஞ்சுத் தேர்வுகளின் பெயர்கள். 'டெஃப் பாஸ் பண்ணிட்டேன்', 'டிசிஎஃப்ல ஃபெயில்' என்று சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். இந்தத் தேர்வுகளில் பாஸும் கிடையாது, ஃபெயிலும் கிடையாது.

போலீஸ் ஆள் சேர்ப்பில் உயரம் அளப்பதை நினைத்துப் பாருங்கள். அளக்கும் கோல் ஒன்றுதான். நீங்கள் 168 சென்டிமீட்டர் என்று அது சொல்லும், அத்தோடு அதன் வேலை முடிந்தது. 168 போதுமா போதாதா என்று சொல்வது ஆள் சேர்க்கும் வாரியம். ஒரு பணிக்குப் போதாத உயரம் இன்னொரு பணிக்குப் போதும். கோலுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

பிரெஞ்சுத் தேர்வு அந்தக் கோல் மாதிரி. உங்களுக்கு இவ்வளவு பிரெஞ்சு வருகிறது என்று ஓர் எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண் போதுமா என்று முடிவு செய்வது ஐஆர்சிசி, அதாவது கனடாவின் குடிவரவு, அகதிகள், குடியுரிமைத் துறை. குடியுரிமைக்கு ஓர் எண், வேலை அனுபவத்தை வைத்து பிஆர் கேட்பதற்கு ஓர் எண் என்று வாசற்படியின் உயரம் அந்தந்தத் திட்டத்துக்குத் தகுந்தபடி மாறும்.

அதனால் 'என்ன லெவல் வேணும்?' என்று கேட்பதற்கு முன்னால் 'எதுக்காக வேணும்?' என்று கேட்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க எக்ஸ்பிரஸ் என்ட்ரியை வைத்தே பேசுகிறேன். 2015 ஜனவரியில் கனடா தொடங்கிய இணையவழி ஏற்பாடு அது. வேலைத்திறன் உள்ளவர்கள் தங்கள் விவரங்களைப் பதிவு செய்து வரிசையில் நிற்பார்கள். மேலே இருப்பவர்களை அரசு அவ்வப்போது கூப்பிடும்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுத்துப் பாருங்கள்

இரண்டாவது குழப்பம், பிரெஞ்சு 'லெவல்' என்பது ஒரே எண் என்று நினைப்பது.

பத்தாம் வகுப்பில் 500க்கு 410 எடுத்த பையன், கணக்கில் மட்டும் 33 வாங்கியிருந்தால் அவனுக்கு என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டில் படித்த எல்லோருக்கும் தெரியும். மொத்தம் எவ்வளவு இருந்தாலும் ஒரு பாடத்தில் 35 வராவிட்டால் தேர்ச்சி இல்லை. தமிழில் வாங்கிய 95இலிருந்து இரண்டு மார்க்கை எடுத்துக் கணக்கில் போட வழியில்லை.

இங்கேயும் அதே கதைதான். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு திறன்களைத் தனித்தனியாக அளக்கிறார்கள். நான்கையும் கூட்டிச் சராசரி எடுப்பதில்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று இருக்கும் தனிப் பிரிவுக்குள் நுழைய நான்கிலும் அந்தக் குறைந்தபட்ச நிலை வேண்டும். மூன்றில் அதற்கு மேலே போய் ஒன்றில் அதற்குக் கீழே நின்றால், அந்த ஒன்றுதான் உங்கள் நிலை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் எழுதியதில் நல்லா வந்த பேச்சையும் ஜூனில் எழுதியதில் நல்லா வந்த கேட்டலையும் ஒட்டுப் போட முடியாது. நான்கு மார்க்கும் ஒரே தேர்வில், ஒரே தடவை எழுதியதில் இருந்து வர வேண்டும்.

படியும் கிலோவும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இதை நிதானமாகவே படியுங்கள், என் மாணவி சறுக்கியது இங்கேதான்.

கிராமத்தில் நெல்லைப் படி போட்டு அளப்பார்கள், நகரத்துக் கடையில் கிலோ. நெல் அதே நெல்தான், ஆனால் ஒரு படி ஒரு கிலோ ஆகாது. ஒன்றை மற்றொன்றாக மாற்ற ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கும் நெல்லுக்கு ஒரு மாதிரி, உளுந்துக்கு ஒரு மாதிரி.

மொழித் திறனை அளக்கவும் இப்படி இரண்டு அளவுகள் இருக்கின்றன. ஒன்று ஐரோப்பாவின் பொது மொழி அளவு. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். பிரெஞ்சு, ஜெர்மன் என்று எந்த வகுப்பில் சேர்ந்தாலும் பாடப்புத்தகத்தின் அட்டையிலேயே இது அச்சாகியிருக்கும். மற்றொன்று கனடாவின் சொந்த அளவு. பிரெஞ்சுக்கான அந்த அளவுக்கு என்சிஎல்சி என்று பெயர். இதில் 12 நிலைகள். ஆங்கிலத்துக்கான அதன் ஜோடிக்கு சிஎல்பி என்று பெயர். ஐஈஎல்டிஎஸ் ஜெனரல் தேர்வில் நான்கிலும் 6.0 வாங்கினால் சிஎல்பி 7 என்று பலருக்குத் தெரிந்திருக்கும். பிரெஞ்சிலும் அதே ஏழாம் நிலையைத்தான் கேட்கிறார்கள், அதாவது நான்கு திறன்களிலும் என்சிஎல்சி 7.

இந்த ஏழாம் நிலை ஐரோப்பிய அளவில் எங்கே வருகிறது? 'பி2' என்று சட்டென்று பதில் வரும். பி2வுக்குள்தான் வருகிறது. ஆனால் பி2வில் எந்த இடத்தில்?

என் மாணவி எழுதிய டிசிஎஃப் கனடா என்ற தேர்வின் எண்களை வைத்துப் பார்ப்போம். கேட்டலுக்கும் படித்தலுக்கும் 699 வரை மார்க் உண்டு. அதில் 400 முதல் 499 வரை பி2. என்சிஎல்சி 7 படித்தலில் 453இல்தான் தொடங்குகிறது, கேட்டலில் 458இல். 400க்கும் 457க்கும் நடுவே ஒரு பெரிய வயல்வெளி இருக்கிறது. அங்கே நிற்பவர் கேட்டலில் பி2தான், ஆனால் கனடாவின் அளவில் 6. படித்தலில் 403 வாங்கினால் இன்னும் மோசம். அதுவும் பி2தான், ஆனால் என்சிஎல்சியில் வெறும் 5.

எழுதுவதற்கும் பேசுவதற்கும் மார்க் 20க்கு. அங்கே 10 முதல் 13 வரை பி2. என்சிஎல்சி 7 தொடங்குவதும் சரியாக 10இல்தான். இந்த இரண்டிலும் பி2வின் வாசலில் காலை வைத்தாலே ஏழாம் நிலை வந்துவிடும்.

ஆக, எழுதவும் பேசவும் பி2வின் அடிப்படி போதும். கேட்கவும் படிக்கவும் பி2வின் நடுப்படி வேண்டும். என் அனுபவத்தில் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகத்தான் தயாராகிறார்கள். 'எனக்குப் பேச வராது டீச்சர்' என்ற பயத்தில் பேச்சுக்கே ஆறு மாசம் செலவழிக்கிறார்கள். காதை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: தேர்வு மார்க் மட்டும் தரும், போதுமா என்று கனடா அரசு சொல்லும். நான்கு திறன்களுக்கும் தனித்தனி மார்க், எதிலும் குறையக் கூடாது. அந்த மார்க்கை என்சிஎல்சி என்ற கனடா அளவுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். இலக்கு நான்கிலும் 7. பி2 என்ற பெயர் அந்த இலக்கைக் கிட்டத்தட்டக் காட்டும், சரியாகக் காட்டாது.

ஒரே மாதிரி பெயர்கள், வேறு வேறு தேர்வுகள்

எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஐஆர்சிசி ஏற்கும் பிரெஞ்சுத் தேர்வுகள் இரண்டே இரண்டு. டெஃப் கனடாவைப் பாரிஸ் வட்டாரத்தின் வணிகத் தொழில் சபை நடத்துகிறது. டிசிஎஃப் கனடாவை நடத்துவது பிரெஞ்சு அரசின் ஃபிரான்ஸ் எடுகாசியோன் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம். இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே. மார்க் போடும் முறை வேறு என்பதால் என்சிஎல்சிக்கு மாற்றும் அட்டவணையும் வேறு. மேலே நான் சொன்ன எண்கள் டிசிஎஃப் கனடாவுக்கு மட்டுமே பொருந்தும்.

டெல்ஃப் என்ற சான்றிதழும் இருக்கிறது. ஆயுள் முழுக்கச் செல்லும், நல்ல மதிப்புள்ள சான்றிதழ். ஆனால் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அதைக் காட்ட முடியாது. 'டெல்ஃப் பி2 இருக்கே, அது போதாதா?' என்று கேட்பவர்கள் வருஷத்துக்குப் பத்துப் பேராவது வருகிறார்கள். அவர்களுக்கு மொழி தெரியும், பாதி வேலை முடிந்த மாதிரிதான். ஆனாலும் டெஃப் கனடாவோ டிசிஎஃப் கனடாவோ எழுதித்தான் ஆக வேண்டும்.

டிசிஎஃப் என்ற பெயரிலேயே வேறு தேர்வுகளும் உண்டு. டிசிஎஃப் கியூபெக் என்பது கியூபெக் மாகாணத்துக்கானது. 1991இல் மத்திய அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி அந்த மாகாணம் தனக்கு வேண்டிய தொழில்திறன் குடியேறிகளைத் தானே தேர்ந்தெடுக்கிறது. அதற்குத் தனித் திட்டமும் தனி மொழி அளவும் இருக்கின்றன. டிசிஎஃப் ஐஆர்என் என்பது பிரான்ஸ் நாட்டில் வசிப்பு அட்டைக்கும் குடியுரிமைக்கும் எழுதுவது. பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் இருக்கும் நம் ஈழத்துச் சொந்தங்கள் 'பிரெஞ்சு டெஸ்ட்' என்று சொன்னால் பெரும்பாலும் இந்த வகையைத்தான் சொல்கிறார்கள். அங்கே 2026 ஜனவரி 1 முதல் குடியுரிமைக்கு பி2, பத்து வருஷ அட்டைக்கு பி1 என்று உயர்த்திவிட்டார்கள். அவர்கள் சொல்லும் அனுபவம் அவர்களுக்கு உண்மை. கனடாவுக்குப் போகிறவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

பதிவுப் படிவத்தில் 'கனடா' என்ற சொல் இருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை பாருங்கள்.

கனடா ஏன் பிரெஞ்சைத் தேடுகிறது?

'கியூபெக்குக்கு ஆள் வேணும்னுதான் பிரெஞ்சு கேக்குறாங்க' என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். விஷயம் தலைகீழ். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வருபவர் கியூபெக்குக்கு வெளியே குடியேறும் எண்ணத்தோடுதான் வர வேண்டும்.

கனடாவின் ஆட்சிமொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும். கியூபெக்கில் பிரெஞ்சு வலுவாக நிற்கிறது. மற்ற மாகாணங்களில் அது சிறுபான்மை, அதுவும் தேய்ந்துகொண்டே போகும் சிறுபான்மை. கியூபெக்குக்கு வெளியே பிரெஞ்சைத் தம் முதல் ஆட்சிமொழியாகக் கொண்டவர்களின் பங்கு 1971இல் 6.1 சதவீதம். 2021இல் 3.3. நியூ பிரன்ஸ்விக், ஒன்டாரியோ, மானிடோபா போன்ற இடங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சு பேசிய ஊர்கள் உண்டு. அங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைகிறார்கள், பிரெஞ்சு பேசும் நர்ஸும் ஆசிரியரும் கிடைப்பது கஷ்டமாகிறது. வீட்டு மொழி பிள்ளைகளோடு நழுவிப் போகும் வலி நமக்குப் புதிதில்லை. டொராண்டோவில் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் பெற்றோருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதனால்தான் பிரெஞ்சு தெரிந்த குடியேறிகளை அந்த மாகாணங்களுக்குக் கொண்டுவர அரசு இலக்கு வைக்கிறது. கியூபெக்குக்கு வெளியே வரும் நிரந்தரக் குடியேறிகளில் 2024இல் 6 சதவீதம், 2025இல் 8.5 சதவீதம் பேர் பிரெஞ்சு பேசுவோராக இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். 2023 கோடையில் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குள் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிப் பிரிவு வந்ததன் பின்னணி இதுதான்.

தனி வரிசை என்றால் என்ன?

நம்மூர் பொறியியல் கலந்தாய்வை எடுத்துக்கொள்ளுங்கள். பொது ரேங்க் பட்டியல் ஒன்று இருக்கிறது, விளையாட்டு வீரர்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. விளையாட்டுப் பிரிவில் வருகிற பையனுடைய பன்னிரண்டாம் வகுப்பு மார்க் அதனால் கூடிவிடுவதில்லை. அவன் வேறொரு வரிசையில் நிற்கிறான். அங்கே கூட்டம் குறைவு, அதனால் கட்-ஆஃப் இறங்குகிறது.

எக்ஸ்பிரஸ் என்ட்ரியிலும் எல்லோருக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. அதை சிஆர்எஸ் என்பார்கள். வயது, படிப்பு, வேலை அனுபவம், மொழி எல்லாவற்றையும் சேர்த்து 1200க்குப் போடும் கணக்கு அது. 2024 பிப்ரவரி 28இல் பொது வரிசையில் கூப்பிட்டபோது கட்-ஆஃப் 534. மறுநாள், 29ஆம் தேதி, பிரெஞ்சு வரிசையில் கூப்பிட்டார்கள். கட்-ஆஃப் 336. ஒரே ராத்திரியில் கிட்டத்தட்ட இருநூறு புள்ளி இறங்கியிருந்தது. பின்னால் ஏறியும் இருக்கிறது, உதாரணத்துக்கு 2025 மார்ச் 21இல் 379.

வேலைக்குப் போய் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் எல்லாம் பிரெஞ்சு வகுப்பில் வந்து உட்காருவதற்கு இந்த இடைவெளிதான் காரணம். ஆங்கிலத்தில் நல்ல மார்க், முதுநிலைப் பட்டம், பத்து வருஷ அனுபவம் எல்லாம் இருந்தும் வயதால் புள்ளி குறைந்து 440, 450இல் நிற்பவர்களுக்குப் பொது வரிசையில் நம்பிக்கை குறைவு. பிரெஞ்சு வரிசையில் அவர்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

11 மார்க்கின் விலை

தனி வரிசை தவிர, பிரெஞ்சுக்கு நேரடியாகப் புள்ளியும் உண்டு. இங்கே என் மாணவியின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். விண்ணப்பத்தில் ஆங்கிலம் அவருக்கு முதல் மொழி, பிரெஞ்சு இரண்டாவது. திருமணம் ஆகாதவர்.

இரண்டாம் மொழியில் ஒவ்வொரு திறனுக்கும் நிலை 5 அல்லது 6 என்றால் 1 புள்ளி, 7 அல்லது 8 என்றால் 3 புள்ளி, 9 அல்லது அதற்கு மேல் என்றால் 6 புள்ளி. அவருக்குப் படித்தல், எழுதுதல், பேசுதல் மூன்றும் 7. அதனால் 3, 3, 3. கேட்டல் 6. அதற்கு 1. மொத்தம் 10.

இதற்கு மேல் ஒரு கூடுதல் புள்ளி இருக்கிறது. நான்கிலும் என்சிஎல்சி 7 வந்து, ஆங்கிலத்திலும் நான்கு திறன்களில் சிஎல்பி 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் 50 புள்ளி. ஆங்கிலம் அதற்குக் கீழே என்றால் 25. நான்கில் ஒன்று குறைந்தாலும் இந்தக் கூடுதல் புள்ளி கிடையாது.

கேட்டலில் 458 வந்திருந்தால் அவருக்கு 12 புள்ளியும் 50 புள்ளியும் சேர்ந்து 62. வந்தது 447, கிடைத்தது 10. இந்த 52 புள்ளியோடு பிரெஞ்சு வரிசையில் நிற்கும் தகுதியும் போயிற்று. இதை ஒரு தாளில் எழுதிக் காட்டிய பிறகுதான் அவருக்கு நான் சொன்னது முழுசாகப் புரிந்தது. அதுவரை 'கொஞ்சம் கம்மி' என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

தேர்வறைக்குள்

டிசிஎஃப் கனடாவில் கேட்டலுக்கு 35 நிமிடத்தில் 39 கேள்விகள். கேள்விகள் எளிதில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். ஒலிப்பதிவு ஒரு தடவைதான் ஓடும், திருப்பிக் கேட்க வழியில்லை. முதல் பத்துக் கேள்விக்குள் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். இருபத்தைந்தைத் தாண்டும்போது வானொலி விவாதம், ஆய்வாளர் பேட்டி என்று ஓடத் தொடங்கும். ஏழாம் நிலை கிடைப்பதும் நழுவுவதும் அந்தப் பகுதியில்தான்.

காதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? பிரெஞ்சில் சொற்கள் பேச்சில் ஒட்டிக்கொள்ளும். நாம் 'மணி அடித்தது' என்பதை 'மணியடித்தது' என்று சொல்லும்போது நடுவில் ஒரு யகரம் வருகிறதல்லவா, அந்த மாதிரி. 'லே' என்ற சொல்லும் 'அமி' என்ற சொல்லும் சேர்ந்தால் எழுத்தில் மட்டும் இருந்த ஸகரம் உயிர் பெற்று 'லேஸமி' ஆகிவிடும். தனித்தனியாக இரண்டு சொல்லும் தெரிந்தவருக்கே ஓட்டத்தில் அது மூன்றாவது சொல் போலக் கேட்கும். எண்கள் இன்னொரு தொல்லை. 97ஐ 'நாலு இருபது பத்து ஏழு' என்கிறார்கள். நாலு இருபது எண்பது, அதோடு பத்து, அதோடு ஏழு. தொண்ணூறுக்குள் நூறை ஒளித்து வைத்திருக்கும் நாம் இதைப் பார்த்து அதிர்ச்சி அடையக் கூடாதுதான், ஆனாலும் விலை சொல்லும் ஒலிப்பதிவில் இது நம்மைத் திணறடிக்கும்.

பிளஸ் டூவில் மார்க்குக்காகத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்தவர்கள் இங்கே தமிழ்நாட்டில் நிறைய. நூற்றுக்கு நூறை நெருங்கி வாங்கியவர்கள் 'எனக்கு பேசிக்ஸ் தெரியும்' என்று வருவார்கள். வினைச்சொல் வாய்பாடு அவர்களுக்கு மனப்பாடம், அது உண்மையிலேயே உதவும். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் பிரெஞ்சுக்காரர் குரலை அவர்கள் பெரும்பாலும் கேட்டதே இல்லை. எழுத்தில் பி1 பக்கமும் காதில் ஏ1 பக்கமும் நிற்கும் ஒருவரை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பேச்சில் நமக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. டெஃப் கனடாவில் பேச்சு 15 நிமிடம், இரண்டு பகுதி. முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு விளம்பரத்தைக் கொடுப்பார்கள். சமையல் வகுப்பு விளம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த இடத்துக்குப் போன் செய்வது போல் பேசி விவரம் கேட்க வேண்டும். எத்தனை மணிக்கு, எவ்வளவு கட்டணம், பாத்திரம் நாங்கள் கொண்டுவர வேண்டுமா என்று பத்துக் கேள்வியாவது கேட்க வேண்டும். எதிரில் இருப்பவர் முன்பின் தெரியாதவர், அதனால் 'வூ', அதாவது 'நீங்கள்'. அடுத்த பத்து நிமிடம் வேறொரு விளம்பரம். இப்போது தேர்வாளர் உங்கள் நண்பர். அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவர் 'எனக்கு நேரமில்லை', 'விலை ஜாஸ்தி' என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருப்பார். இங்கே 'த்யு', அதாவது 'நீ'. ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவர் இந்த மாற்றத்துக்குத் தடுமாறுவார். மாமாவிடம் 'நீங்க', தம்பியிடம் 'நீ' என்று நாலு வயதிலேயே மாற்றிப் பேசிய நமக்கு அந்தக் கூச்சமும் பழக்கமும் ரத்தத்தில் இருக்கிறது. அதைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனால் போதும்.

எழுத்தில் டெஃப் கனடா ஒரு செய்தியின் தொடக்கத்தைக் கொடுத்து மீதியை எழுதச் சொல்லும், அப்புறம் ஒரு பத்திரிகைக்குக் கருத்துக் கடிதம். டிசிஎஃப் கனடாவில் மூன்று சிறு எழுத்துப் பணிகள். கடைசிப் பணியில் ஒரு விஷயத்தைப் பற்றிய இரண்டு எதிரெதிர் கருத்துகளைச் சுருக்கி, உங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு தேர்வுக்கும் மாதிரித்தாளை ஒவ்வொரு தடவை எழுதிப் பாருங்கள், எது உங்களுக்கு ஒத்துவரும் என்று அரை நாளில் தெரிந்துவிடும்.

சுருக்கமாக: தேர்வு நம் இலக்கண அறிவை நேராகக் கேட்பதில்லை. ஒருமுறை ஓடும் குரலைப் புரிந்துகொள்கிறோமா, ஆளுக்குத் தகுந்தபடி பேசுகிறோமா, ஒரு கருத்தை ஒழுங்காக எழுதுகிறோமா என்று பார்க்கிறது.

எவ்வளவு காலம்?

'ஆறு மாசத்தில் என்சிஎல்சி 7 உறுதி' என்று விளம்பரம் பார்த்துவிட்டு வருபவர்களிடம் நான் கணக்கு மட்டும் போட்டுக் காட்டுவேன். ஒன்றும் தெரியாத நிலையிலிருந்து பி2 வரை போக வழக்கமாகச் சொல்லும் வகுப்பு நேரம் சுமார் 550 முதல் 650 மணி. ஒரு நாள் விடாமல் தினம் இரண்டு மணி நேரம் படித்தாலும் பத்து மாசம் ஆகும். நாம் பார்த்தபடி, காதுக்கு பி2வின் நடுப்படி வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டு, வீட்டையும் பார்த்துக்கொண்டு படிப்பவருக்கு ஒன்றரை வருஷம் நியாயமான கணக்கு. ஆறு மாசத்தில் முடித்தவரும் இருக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கையில் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருபவரைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

ரிசல்ட்டின் ஆயுள் இரண்டு வருஷம். ப்ரொஃபைல் போடும் நாளிலும் அது செல்ல வேண்டும், கூப்பிட்ட பிறகு பிஆர் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளிலும் செல்ல வேண்டும். அதனால் மற்ற ஆவணங்கள் தயாராவதற்கு வெகு முன்னாலேயே அவசரப்பட்டு எழுதி வைப்பதில் லாபமில்லை.

பெயர் விஷயமும் இருக்கிறது. தேர்வுப் பதிவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். நமக்கோ இனிஷியல், அப்பா பெயர், சிலருக்குக் காலியாகக் கிடக்கும் குடும்பப் பெயர்க் கட்டம். பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி. பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்துப் பதியுங்கள்.

என் மாணவி அதற்கப்புறம் மூன்று மாதம் வேறெதையும் தொடவில்லை. பேருந்தில் போகும்போதும் வரும்போதும் கனடா வானொலியின் பிரெஞ்சு ஒலிபரப்பைக் கேட்டார். ராத்திரி பத்து நிமிடப் பதிவு ஒன்றை எடுத்து, ஒரே தடவை கேட்டு, புரிந்ததை எழுதி எனக்கு அனுப்புவார். முதல் வாரம் நாலு வரி வந்தது. கடைசி வாரங்களில் ஒரு பக்கம். மறுபடி எழுதினார். ரிசல்ட் வந்த அன்று போனை எடுத்ததும் அவர் சொன்னது எண்களைத்தான்: "476, 481, 11, 12." பி2 என்ற பேச்சே எடுக்கவில்லை. அடுத்த வாரம் ப்ரொஃபைலில் ஏற்றினார். அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்க மட்டும் இன்னொரு போன் வந்தது.